சுகர் நார்மல், சரி... அந்த இரண்டு வரிகள்?

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ரத்தப் பரிசோதனையில் வந்துதான் நிற்கிறது. பென்ஷன் உயர்வு, பேரன் படிப்பு, ஆற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா எல்லாம் முடிந்த பிறகு, "உங்களுக்குச் சுகர் எவ்வளவு?" என்ற கேள்வி வந்துவிடும். 96 என்பார் ஒருவர். 104 என்பார் இன்னொருவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. அந்த 96-காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கிய பையன் மாதிரி இருக்கும். அந்தப் பெருமிதத்தைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் கட்சி இதுதான். வெறும் வயிற்றில் பார்க்கிற சர்க்கரை, கடைசியாக ஏறுகிற எண். அது ஏறுவதற்குப் பல வருஷங்கள் முன்பே உடம்புக்குள் கோளாறு தொடங்கிவிடுகிறது. சர்க்கரை ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதயம் காத்திருப்பதில்லை. அந்தக் கோளாறின் அடையாளம், நாம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி பீரோவில் போட்டு வைத்திருக்கிற அதே ரிப்போர்ட்டில் இரண்டு வரிகளில் இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. முப்பத்து நாலு வருஷம் வங்கியில் பேரேடு பார்த்தவன். எண்கள் வரிசையாக அச்சடித்த எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற வியாதி எனக்கு உண்டு, அதற்கு மருந்து கிடையாது. மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் சட்டம். ஆனால் அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதில் தப்பில்லையே.

சர்க்கரை வியாதி என்றால் இன்சுலின் போதாமல் போவது என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். 1921-ல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த பிறகு உலகமும் அப்படித்தான் நினைத்தது. 1936-ல் லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற டாக்டர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் சேர்த்தே கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை ஏறாமல் அடங்கியது, சிலருக்கு அடங்கவே இல்லை. இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காத ஒரு வகை இருக்கிறது என்று எழுதினார். ஆனால் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று சரியாக அளக்க அன்றைக்கு வழியில்லை.

வழி பிறந்தது 1950-களின் கடைசியில். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் ரோஸலின் யாலோ, சாலமன் பெர்சன் என்று இருவர் வேலை பார்த்தார்கள். யாலோ இயற்பியல் படித்தவர், டாக்டர் இல்லை (எனக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்). கதிரியக்க அயோடினை இன்சுலினில் ஒட்டவைத்து, ரத்தத்தில் இருக்கும் துளியூண்டு இன்சுலினைக் கூட அளக்கிற முறையைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வழிவகுத்த அவர்களுடைய ஆரம்பக் கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் முதலில் திருப்பி அனுப்பினார்கள். 1977-ல் நோபல் பரிசு கிடைத்தபோது, அந்த நிராகரிப்புக் கடிதத்தையே தன் உரையில் சேர்த்துப் போட்டுவிட்டார் அம்மையார்! பெர்சன் பாவம், 1972-லேயே காலமாகிவிட்டார்.

அவர்கள் அளந்து பார்த்தபோது கிடைத்த விடைதான் முக்கியம். நடுவயதுக்கு மேல் சர்க்கரை வந்தவர்களில் பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை. சாதாரண ஆட்களைவிட அதிகமாகவே இருந்தது. ஹிம்ஸ்வொர்த் சந்தேகப்பட்டது சரிதான் என்று ஆயிற்று. பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ரீவன் என்பவர் இதையே பல வருஷம் துருவிக்கொண்டிருந்தார். 1988-ல் ஒரு பெரிய உரையில், இந்தப் பேச்சுக் கேளாமையும் ரத்த அழுத்தமும் ட்ரைகிளிசரைடு ஏறுவதும் எச்.டி.எல். இறங்குவதும் தனித்தனி வியாதிகள் அல்ல, ஒரே கொத்தில் காய்த்த காய்கள் என்று சொன்னார். அந்தக் கொத்துக்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். சர்க்கரை வியாதி வராதவர்களுக்கும் இந்தக் கொத்து இருக்கலாம், அவர்களுக்கும் இதயத்துக்கு ஆபத்து உண்டு என்பதுதான் அவர் சொன்னதில் நமக்கு வேண்டிய பகுதி.

இதை வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒருவர் பாஸ்புக்கில் மாதா மாதம் கடைசித் தேதியில் பத்தாயிரம் இருப்பு நிற்கிறது. பார்க்கிறவர்கள் கட்டுசெட்டான ஆள் என்பார்கள். அந்தப் பத்தாயிரத்தை நிறுத்துவதற்காக அவர் வெளியே வாங்குகிற கைமாற்று மட்டும் மாதா மாதம் ஏறிக்கொண்டே போகிறது. பாஸ்புக்கில் அது தெரியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை அந்த இருப்பு. கணையம் கூடுதலாகச் சுரந்து கொட்டுகிற இன்சுலின்தான் கைமாற்று. ஒரு நாள் கடன் கொடுக்க ஆள் இல்லாமல் போகும்போது இருப்பு சரியும். அன்றைக்குத்தான் நாம் "எனக்குப் புதிதாகச் சுகர் வந்துவிட்டது" என்கிறோம்.

அந்தக் கைமாற்றை நேரடியாகப் பார்க்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். வெறும் வயிற்றில் இன்சுலின் அளவு என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. அதையும் சர்க்கரையையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் 'ஹோமா' என்று ஒரு எண் வரும், 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் கொண்டுவந்த கணக்கு. சர்க்கரை 95, இன்சுலின் 6 என்றால் ஹோமா 1.4. அதே 95-க்கு இன்சுலின் 18 என்றால் 4.2. சர்க்கரை மட்டும் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் இன்சுலின் பரிசோதனையில் ஒரு சங்கடம் உண்டு: ஒரு லேப் முறைக்கும் இன்னொரு லேப் முறைக்கும் எண் ஒத்துப்போவதில்லை. ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் மாறும். அதனால்தான் பல டாக்டர்கள் அதை வழக்கமாக எழுதிக்கொடுப்பதில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பதிலாகத்தான் அந்த இரண்டு வரிகள். லிப்பிட் புரொஃபைல் என்ற தலைப்பின் கீழே இருக்கும் ட்ரைகிளிசரைடு ஒன்று, எச்.டி.எல். ஒன்று.

தசை இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் சர்க்கரையை வாங்க மறுத்தால், மிச்சம் கல்லீரல் தலையில் விழுகிறது. கல்லீரல் அதைக் கொழுப்பாக்கி, பொட்டலம் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும் சரக்குதான் ட்ரைகிளிசரைடு. ரத்தத்தில் போகும் வழியில் இந்தப் பொட்டலங்கள் எச்.டி.எல்.-உடன் ஒரு பண்டமாற்று செய்துகொள்கின்றன. தன் ட்ரைகிளிசரைடைக் கொடுத்து, அதனிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அப்படி மாறிப்போன எச்.டி.எல். சீக்கிரமே சிதைந்து ரத்தத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. ஆக, ஒன்று ஏற ஏற இன்னொன்று இறங்குகிறது. எல்.டி.எல்.-உம் இந்தப் பண்டமாற்றில் மாட்டிக்கொண்டு சின்னச் சின்னதாக, கெட்டியாக ஆகிறது. அரிசி எடை அதேதான், ஆனால் பெரிய மூட்டைக்குப் பதில் சின்னப் பைகளாக எண்ணிக்கை கூடிவிடுகிறது. ரத்தக் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து கெடுதல் செய்வதில் எடையைவிடப் பைகளின் எண்ணிக்கைக்கே பங்கு அதிகம். நம் ரிப்போர்ட்டில் அச்சாகும் எல்.டி.எல். எடை மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன், உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள். வி.எல்.டி.எல். என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான லேப்களில் அது அளந்த எண் இல்லை. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துப் போட்டது. எல்.டி.எல்.-கூடப் பல இடங்களில் அப்படித்தான்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐயும் இந்த வகுத்த எண்ணையும் கழித்து வருவது. 1972-லிருந்து இந்தச் சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது. ட்ரைகிளிசரைடு எகிறிப் போனவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு எல்.டி.எல்.-ஐக் குறைத்துக் காட்டிவிடும். 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கையே போடக் கூடாது என்பது விதி.

இப்போது ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.-ஆல் வகுங்கள். 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4. 210-ஐ 35-ஆல் வகுத்தால் 6. ரீவனின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கனத்த உடம்புக்காரர்களில் யாருக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்று அடையாளம் காண, 3 என்ற கோட்டைக் காட்டினார்கள். அதற்கு முன்பு 1997-ல் பாஸ்டனில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. இந்த விகிதம் மிக அதிகமாக இருந்த கால்பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்பங்கினரைவிட மாரடைப்பு ஆபத்து 16 மடங்கு என்றது அது. ஒரே ஓர் ஆய்வை வைத்துத் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம். எல்லா இனத்தாருக்கும் இந்தக் கோடு பொருந்துவதும் இல்லை. ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களிடம் இந்த விகிதம் சரியாக வேலை செய்யவில்லை. முந்தின நாள் இரவுக் கல்யாணச் சாப்பாடு, மது, சில மாத்திரைகள், தைராய்டுக் குறைவு எல்லாமே ட்ரைகிளிசரைடை ஏற்றும். இது புகைதான், தீர்ப்பு இல்லை. ஆனால் வருஷா வருஷம் ஒரே இடத்திலிருந்து புகை வந்தால் போய்ப் பார்க்க வேண்டாமா?

எங்கள் வட்டத்தில் ஒருவர். பெயர் வேண்டாம். 64 வயது, ஒல்லியான ஆள். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம். "எனக்கென்ன சார், சுகர் நார்மல்" என்பது அவருடைய பல்லவி. போன வருஷம் விடியற்காலையில் நெஞ்சு அடைத்து, ஆம்புலன்ஸில் போய், இரண்டு ஸ்டென்ட் வைத்துத் திரும்பினார். நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் மனைவி ஒரு பழைய ஃபைலை என் கையில் கொடுத்தார். "நீங்க கணக்கு பார்த்தவர். இதுல எல்லாம் நார்மல்னுதானே சார் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

புரட்டினேன். ஏழு வருஷத்து ரிப்போர்ட்கள். சர்க்கரை 94, 97, 95, 99 என்று பொறுமையாக நடந்து 103-க்கு வந்திருந்தது. ட்ரைகிளிசரைடு 188, 204, 196, 231. எச்.டி.எல். 36, 34, 35, 33. ஏழு வருஷமும் விகிதம் 5-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த வரி தடித்த எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. "எண்ணெய் பலகாரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் கர்ம சிரத்தையாக வடையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் காலையும் மாலையும் நாலு பிஸ்கட், நடுவில் ஒரு பழ ஜூஸ் என்று மாற்றிக்கொண்டார். ட்ரைகிளிசரைடு என்ற பெயரில் கொழுப்பு இருப்பதால் எண்ணெயை மட்டும் குறைத்தால் போதும் என்று நினைப்பது இயல்புதான். அதை ஏற்றி விடுவதில் சர்க்கரை, மாவு, சோற்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் அன்றைக்கு நான் என்ன சொல்ல முடியும்? ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டு, ஆள் பிழைத்துவிட்டாரே அம்மா, அது போதும் என்றேன்.

ஒல்லியான ஆளுக்கு எப்படி என்று நீங்கள் கேட்கலாம். புணேயில் யாக்னிக் என்று ஒரு டாக்டர், லண்டனில் அவருடைய நண்பர் யட்கின் என்று இன்னொரு டாக்டர். 2004-ல் இருவரும் சேர்ந்து தங்கள் போட்டோவையே 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சாக ஒன்றே, 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியனுடைய கை கால் ஒல்லி, உள்ளே வயிற்றுக்குள் கொழுப்பு. இதற்காகத்தான் நமக்கு எடை மெஷினைவிட இன்ச் டேப் நல்லது. தெற்காசிய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்பது இப்போது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. பேன்ட்டுக்குச் சொல்கிற அளவு அல்ல, தொப்புள் பக்கத்தில் டேப்பைச் சுற்றி அளப்பது. ரிட்டையர் ஆன பிறகு நாம் எல்லோரும் வேட்டிக்கு மாறிவிடுகிறோம் இல்லையா? பெல்ட் போட்ட காலத்தில் ஒரு ஓட்டை தள்ளினால் மனசு உறுத்தும். வேட்டி எந்தத் தொந்திக்கும் இடம் கொடுக்கும், ஒரு வார்த்தை பேசாது.

நாடு முழுக்க எடுத்த ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியவர்கள் நம் சென்னைக்காரர்கள்தான். 2023-ல் வந்த அதன் முடிவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்று இருந்தது. அதே கணக்கெடுப்பின் முதல் கட்டத்தில், தமிழ்நாடும் அதில் சேர்த்தி, கொழுப்புக் கோளாறுகளில் முதலிடம் பிடித்தது குறைந்த எச்.டி.எல்.தான். 72 சதவீதம் பேருக்கு! பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி எனக்கு யாரோடு சண்டை என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் சண்டை 'பேக்கேஜ்'காரர்களோடு. எண்பது பரிசோதனை, தொண்ணூறு பரிசோதனை, பாதி விலை, வீட்டுக்கே வந்து எடுப்போம் என்று போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். வருகிற ரிப்போர்ட் பதினெட்டுப் பக்கம், வண்ணப் படங்களோடு. அதில் ஏதோ ஒரு வைட்டமின் சிவப்பாக இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து மாத்திரை வாங்குவோம். வேண்டிய இரண்டு வரி ஆறாவது பக்கத்தில் கிடக்கும். கூடுதலாகச் செலவு செய்ய ஆசை இருந்தால், டாக்டரிடம் இரண்டு பெயர் மட்டும் சொல்லிக் கேளுங்கள். ஒன்று அப்போ-பி. நான் சொன்ன அந்தப் பைகளின் எண்ணிக்கையை இதுதான் சொல்லும், ஒரு பைக்கு ஒரு அப்போ-பி என்று கணக்கு. இன்னொன்று லிப்போபுரோட்டீன்-ஏ. இது அப்பா அம்மா கொடுத்த சொத்து, சாப்பாட்டாலும் நடையாலும் மாறாது. வாழ்க்கையில் ஒரு தடவை பார்த்தால் பொதுவாகப் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். சின்ன வயதில் மாரடைப்பு வந்த குடும்பங்கள் இதை அவசியம் பார்க்கலாம். அப்போ-பிக்குக் காசு வேண்டாம் என்றால், மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.-ஐக் கழித்துப் பாருங்கள். அது கிட்டத்தட்ட அதே சேதியைச் சொல்லும், செலவு இல்லாமல்.

இரண்டாவது சண்டை வாட்ஸ்அப் வீடியோக்காரர்களோடு, இதில் எனக்குக் கோபமே வருகிறது. "எல்.டி.எல். ஒன்றும் செய்யாது, ட்ரைகிளிசரைடு விகிதம் நன்றாக இருந்தால் போதும், ஸ்டேட்டின் மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறார். எங்கள் நடைக் குழுவில் பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தியிருந்தார். மகளுக்குத் தெரிந்து பெரிய ரகளை. எல்.டி.எல்.-ஐக் குறைத்தால் மாரடைப்பும் சாவும் குறைகிறது என்பது 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலிருந்து திரும்பத் திரும்ப நிரூபணமான விஷயம். நான் சொல்கிற இரண்டு வரி அதற்கு மேல் கூடுதல் தகவல். அதற்குப் பதில் அல்ல. விகிதம் 1.5, எல்.டி.எல். 190 என்றால் அவர் சந்தோஷப்படக் கூடாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு ஏமாற்றம் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எச்.டி.எல். குறைவுதானே, மாத்திரை போட்டு ஏற்றிவிடலாம் என்று மருந்துக் கம்பெனிகள் இறங்கின. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ நன்றாகவே ஏற்றியது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள், 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்தினார்கள். ட்ரைகிளிசரைடைக் குறைக்கிற பெமாஃபைப்ரேட் என்ற மருந்து, 2022-ல் முடிவு வந்தபோது, எண்ணைக் கால்பங்கு குறைத்திருந்தது. மாரடைப்பு குறையவில்லை. பேரேட்டில் வெள்ளை மை தடவி எண்ணைத் திருத்தினால் கடன் அடைந்துவிடுமா? எண் எதனால் ஏறியது என்பதைத்தான் சரி செய்ய வேண்டும். (ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் போனால் கதை வேறு. அது கணையத்துக்கே ஆபத்து, மாத்திரை கட்டாயம் வேண்டியிருக்கும்.)

சரி செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு வெளியூர் சாட்சி வேண்டாம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. எல்லோரும் சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்றவர்கள். சும்மா விட்டவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு வியாதியே வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதலாக ஒன்றும் இல்லை. நூறு பேரில் பதினைந்து பதினாறு பேர் தப்பித்தார்கள் என்று படிக்கும்போது, மீதிப் பேர் என்ன செய்வது என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடைக்குச் செலவு ஒரு ஜோடி செருப்புதான்.

சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. வேலை செய்கிற தசை இன்சுலினின் சிபாரிசு இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குப் பனியில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் வாசலிலாவது நடக்கச் சொல்கிறேன். நம் வயதில் தசை கரைந்துகொண்டே இருக்கிறது, சோற்றின் அளவு மட்டும் ஆபீஸ் போன காலத்து அளவு. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தால் தெரியும் தொடையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று. (முழங்கால் வலிக்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு.) சோற்றை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், காவிரிக்கரையில் அதைச் சொன்னால் கல்லால் அடிப்பார்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கூட்டிலும் சுண்டலிலும் இரண்டு கரண்டி கூட்டுங்கள். இரவு மூன்று இட்லிக்குச் சாம்பாரை ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பதரைக்குச் சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கு எந்த வைத்தியரும் சிபாரிசு செய்ய மாட்டார். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

கடைசியாக ஒன்று, வீட்டில் இருக்கிற அம்மாக்களைப் பற்றி. கணவர் ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரமாகப் படிக்கிற வீட்டில், மனைவிக்கு ரத்தம் எடுத்தே மூன்று வருஷம் ஆகியிருக்கும். "எனக்கு என்ன, நான் வேலை செஞ்சுக்கிட்டுதானே இருக்கேன்" என்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இதய ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது என்பது பலருக்குத் தெரியாது. ரத்த சோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி என்று பார்க்கிற எச்.பி.ஏ.1.சி. எண்ணும் சரியாக வராது, ஏறியோ இறங்கியோ காட்டும். இதெல்லாம் போதாது என்று லேப்களில் இன்னொரு கூத்து. எச்.டி.எல். ஆணுக்கு 40-க்குக் கீழே போனால் குறைவு, பெண்ணுக்கு 50-க்குக் கீழே போனாலே குறைவு. பல லேப்கள் இருவருக்கும் பொதுவாக "40-க்கு மேல்" என்றுதான் அச்சடிக்கின்றன. 43 உள்ள பெண்ணுக்கு அந்த வரி தடித்த எழுத்தில் வராது, சிவப்பிலும் வராது, நார்மல் என்றே போய்விடும்.

இந்த வாரம் பீரோவைத் திறக்கும்போது உங்களுடையதோடு அவர்களுடைய ரிப்போர்ட்டையும் எடுத்து, பென்சிலால் பக்கத்தில் 50 என்று எழுதி வைத்துப் படியுங்கள். ரிப்போர்ட்டே இல்லை என்றால், பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருவரும் சேர்ந்தே போய் ஒரு சாதாரண லிப்பிட் புரொஃபைலும் சர்க்கரையும் எடுத்துவிட்டு, வரும் வழியில் ஹோட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.